காந்தம் இழுத்த பித்தளை

அந்தக் கடைத்தெருவில் அவளுக்குக் காந்தக்கா என்றுதான் பெயர். இடுப்பில் செருகிய சாவிக்கொத்தில் நூல் கட்டிய ஒரு குட்டிக் காந்தம் தொங்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஓர் அரம் கிடக்கும். பழைய பித்தளைச் சாமான்களை வாங்கி விற்கிற கடையில் இந்த இரண்டும் இல்லாமல் உட்காருகிற ஆள் ஒரே மாதத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். கதவுக் கைப்பிடி, கட்டில் குமிழ், தண்ணீர்க் குழாய், மேசை மணி, பூச்சாடி என்று தினமும் ஏதாவது வரும். கொண்டுவருகிற ஒவ்வொருவரும் அது சுத்தப் பித்தளை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்கள். பாவம், அவர்களில் பாதிப் பேர் அதை நம்பித்தான் சொல்வார்கள்.

காந்தக்காவிடம் அந்தப் பாச்சா பலிக்காது. முதலில் காந்தத்தை வைப்பாள். விருட்டென்று தாவி ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம், பேச்சு முடிந்தது. ஒட்டவில்லை என்றாலும் துள்ளிக் குதிக்க மாட்டாள். காந்தத்துக்கு மசியாத மட்டமான வெள்ளை உலோகத்தின் மேல் பித்தளையைப் பூசி எத்தனையோ பேர் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார்கள். அதனால் அடுத்தது எடை. கையில் எடுத்ததும் மணிக்கட்டு ஒரு கணம் இறங்க வேண்டும். அப்புறம் விரல் முட்டியால் ஒரு தட்டு. கெட்டிப் பித்தளை கணீரென்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் முனகிக்கொண்டே இருக்கும். பூச்சுச் சாமான் சளி பிடித்தவன் மாதிரி டொக்கென்று நின்றுவிடும். கடைசியில் அரம். யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில் ஒரே ஒரு இழுப்பு. கீறலுக்குள்ளும் மஞ்சள் தெரிந்தால் அசல், வெள்ளையோ சாம்பலோ பல்லை இளித்தால் போலி.

"ஒண்ணை மட்டும் பாத்துட்டு முடிவு கட்டிராதீங்க. நாலும் பாருங்க. நாலும் ஒத்து வந்தாத்தான் வாயைத் தொறக்கணும்." வாங்க வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை அவள் இலவசமாகவே நடத்துவாள்.

ஊருக்கெல்லாம் நாலு சோதனை சொன்னவள் சொந்தத் தம்பிக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். அந்த ஒன்று அவள் வாழ்க்கையைத் தின்றுவிட்டது.

அம்மா போனபோது அவளுக்குப் பதினாறு, தம்பிக்கு ஆறு. அப்பா அதற்கு முன்பே இவர்களைக் கை கழுவிவிட்டிருந்தார். பாலிஷ் பட்டறையில் நாளெல்லாம் கைப்பிடி துலக்கி, விரல் இடுக்கெல்லாம் கறுத்துப்போய், அந்தக் கையாலேயே அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். சின்னவன், சின்னவன் என்று அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மீசை முளைத்த பிறகும் தெருவுக்கே அவன் சின்னவன்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் மூக்குக்கண்ணாடியில் காந்தத்தை வைத்துப் பார்த்து, "சார், இது போலி" என்று அறிவித்து முட்டி போட்டவன் அவன். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இவனை ஆளாக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது, தள்ளியே போய்விட்டது. அதற்காக அவள் வருத்தப்பட்டதாக யாரும் கேட்டதில்லை.

சொந்தக் கடை வைத்ததும் சரக்குப் பிடிக்கப் போவது சின்னவனின் வேலையாயிற்று. இடிக்கப்போகிற வீடு, காலி செய்கிற ஆபீஸ், மூடப்போகிற கிளப் என்று எங்கே பித்தளை கிடந்தாலும் அவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். இரண்டு பேருக்கும் ஒரே தட்டு, ஒரே பேச்சு. அவள் ஏசுவாள், அவன் சிரிப்பான். இப்படியே காலம் ஓடிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். அவனும் அப்படியே நினைத்திருக்கிறானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவனுக்கு இருபத்தைந்து நடந்தது. ஒரு நாள் கடையைத் திறந்து சாமான்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மென்று முழுங்கினான்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லித் தொலையேன்."

"தனியா ஒரு கடை வைக்கலாம்னு பாக்குறேன். அவ அப்பா இடம் தர்றேன்னு சொல்லியிருக்காரு."

"எவ அப்பா?"

துணிக்கடையில் பில் போடுகிற பெண். ஒன்றரை வருஷமாகப் பழக்கம். வேறு ஊர், அந்த ஊரிலேயே கடை. அவன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்த சேதி அவளுக்குத்தான் கடைசியாக வந்தது.

"நீயும் வந்து எங்களோடயே இரு அக்கா" என்றான்.

"போ. உன்னை யாரு இங்க கட்டிப் போட்டா?" என்றாள். அதற்கப்புறம் மூன்று நாள் அவனிடம் பேசவில்லை. சோறு போட்டாள், தட்டை நங்கென்று வைத்தாள்.

மூன்றாம் நாள் ஒரு ஹோட்டல் மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான், அவளிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர். பாதிப் பாடத்திலேயே எழுந்துபோன மாணவர். மூடப்போகிற கிளப்பிலிருந்து சின்னவன் பிடித்துக்கொண்டு வந்த பெரிய மேசை விளக்கு ஒன்றை ஒரு மாதத்துக்கு முன் வாங்கிப் போயிருந்தார். கனத்த அடிப்பாகமும் முழங்கை நீளத் தண்டும் உள்ள விளக்கு. சின்னவன் பார்த்து எடுத்து வந்த சரக்கு என்றால் அவள் மறுபடி சோதிப்பதில்லை. அதைத் தூக்கி வந்து கல்லாவுக்கு முன்னால் வைத்தார்.

"காந்தக்கா, உங்க பாடத்தை உங்ககிட்டயே ஒப்பிக்கிறேன், பாருங்க" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து விளக்கின் அடியில் வைத்தார். அது நின்றது. விழவில்லை.

கடையில் சாமான் துலக்குகிற பாலிஷ்காரர் இருந்தார், சாமான் பார்க்க வந்த இரண்டு பேர் இருந்தார்கள், வாசல் பக்கம் சின்னவன் நின்றான். அவள் தன் காந்தத்தை எடுத்தாள். நூலைப் பிடித்துத் தண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இரும்பின் மேல் பூசிய முலாம் என்றால் அது தாவி ஒட்டியிருக்க வேண்டும், பிய்த்து எடுக்க வேண்டியிருக்கும். இதுவோ லேசாகத் திரும்பி, தண்டைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. இரும்பு இருக்கிறது, ஆனால் உள்ளே, தள்ளி இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கவிழாமல் இருக்க அடிப்பாகத்துக்குள் இரும்புக் கட்டியை வைப்பார்கள். ஒயர் போவதற்குத் தண்டுக்குள் இரும்புக் குழாய் விடுவார்கள். இது அவளுக்குத் தெரியாததா? அவள் விரல் ஒரு கணம் அப்படியே நின்றது.

அரம் எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அவள் எடுக்கவில்லை. மூன்று நாளாக வயிறு எரிந்துகொண்டிருந்தவளுக்கு அவன்மேல் பாய ஒரு காரணம் தேவைப்பட்டது. அது தானாக நடந்து வந்து கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

"அசலை எங்கடா கொண்டுபோய் வச்ச?" என்றாள்.

சின்னவனுக்குப் புரியவில்லை. "எது?"

"கிளப்ல வாங்குன அசலை. அதை ஒளிச்சு வச்சுட்டு முலாம் சரக்கைக் கொண்டுவந்து என் தலையில கட்டியிருக்க. புதுக்கடைக்கு இப்பவே சாமான் சேக்க ஆரம்பிச்சுட்டியா?"

பாலிஷ்காரர் துணியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜர், "பரவால்லக்கா, மாத்திக் குடுத்தா போதும்" என்று இழுத்தார். சின்னவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காந்தம் தொங்கிய அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றான்.

"அக்கா" என்றான்.

"அக்கான்னு கூப்பிடாத. திருட்டுப் பயலுக்கு நான் அக்கா இல்ல."

அவன் கடைச் சாவியைக் கல்லாவின் மேல் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனான். சாயங்காலம் வந்துவிடுவான் என்று இரண்டு பேருக்குச் சமைத்தாள். மறுநாளும் சமைத்தாள். வாரக் கணக்கில் அப்படியே செய்தாள், அத்தனையும் வீணாகப் போனது.

அந்த விளக்கு கண்ணில் படுவதே பிடிக்கவில்லை. மேனேஜருக்கு வேறு விளக்கைக் கொடுத்துவிட்டு, அதை, போலிதான் என்று சொல்லியே, பக்கத்துத் தெரு டெய்லருக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டாள். நாலு மாதம் கழித்துப் பாலிஷ்காரர் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். நேரில் வந்து கூப்பிடாதவன் கல்யாணத்துக்கு என்ன போக்கு என்று அவள் போகவில்லை. பெற்றவள் இடத்தில் நின்று நடத்த வேண்டியவள் அன்றைக்கு முழுக்கக் கடையில் உட்கார்ந்து பித்தளைக் கொண்டிகளில் ஏறிய களிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பது வருஷம் போயிற்று. ஓடியது என்று சொல்லலாம், ஆனால் அது ஓடவில்லை. நொண்டி நொண்டித்தான் போனது. கடை நன்றாகத்தான் நடந்தது. காந்தக்கா பார்த்துச் சொன்னால் சரி என்று வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். முழங்கால் வலி வந்தது, கண்ணாடி போட்டாள். தம்பியைப் பற்றிக் கேட்கத் துணிந்தவர்களிடம், "அவன் கதை எதுக்கு?" என்று வெட்டிவிடுவாள்.

போன மாதம் டெய்லரின் மனைவி ஒரு துணிப்பையைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். டெய்லருக்குக் கண் சரியில்லை, கடையை எடுத்துவிட்டார்கள்.

"ஏதோ பாத்துப் போட்டுக் குடுங்கக்கா. போலிதான், தெரியும். நீங்களே சொல்லித்தான் குடுத்தீங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், முலாம்னா இதுதான் முலாம். இத்தனை வருஷத்துல ஒரு பொட்டுத் துரு புடிக்கல, ஒரு இடத்துல உரியல."

காந்தக்கா பையிலிருந்து விளக்கை எடுத்தாள். பத்தொன்பது வருஷமாக டெய்லரின் கை பட்டுப் பட்டுத் தண்டின் விளிம்பெல்லாம் தேய்ந்திருந்தது. தேய்ந்த இடமும் மஞ்சளாகவே இருந்தது. தட்டினாள். கணீரென்றது. அரத்தை எடுத்து அடியில் ஒரு இழுப்பு இழுத்தாள். மஞ்சள். அழுத்தி இழுத்தாள். மஞ்சள். அடித் தகட்டைத் திருகிக் கழற்றியதும் உள்ளே துருப்பிடித்த இரும்புக் கட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. தண்டுக்குள் இரும்புக் குழாய்.

"என்னக்கா, ஒண்ணுத்துக்கும் ஆகாதா?"

"இது அசல்மா" என்றாள். "சுத்தப் பித்தளை."

"அப்ப அன்னைக்குப் போலின்னு சொன்னீங்களே?"

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

டெய்லரின் மனைவி அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு நியாயமான விலையைக் கொடுத்து அனுப்பிய பிறகு காந்தக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, பாலிஷ்காரர் பார்க்கிறாரே என்ற கூச்சம் கூட இல்லாமல் அழுதாள். அவரும் கிழவராகிவிட்டிருந்தார்.

"அவன் எங்க இருக்கான்?" என்று கேட்டாள்.

அவர் ஊரைச் சொன்னார். "பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல பிளாஸ்டிக் சாமான் கடை. பித்தளைய அப்பவே விட்டுட்டான். நீங்க கேட்டிருந்தா என்னைக்கோ சொல்லியிருப்பேன்."

மறுநாள் காலை பஸ் ஏறினாள். அந்த இரும்புக் கட்டியைப் பழைய துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. கையை வீசிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். கத்துவான், கத்தட்டும். அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். கடைசியில் எப்படியும் அக்கா என்று ஒரு தரம் கூப்பிட்டுவிடுவான். வீட்டுக்கு வாடா என்று கூப்பிட வேண்டும். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து ஒரு வேளை தன் கையால் சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும். அதற்கு மேல் அவளுக்கு எந்த ஆசையும் இல்லை.

கடை முழுக்க வாளியும் குடமும் முக்காலியும் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். முன்மண்டையில் முடி போய்விட்டது, கொஞ்சம் தொந்தி. நாற்பத்து நாலு வயது ஆளைப் பார்த்து அவள் வாயில் வந்தது பழைய பெயர்தான்.

"சின்னவா."

அவன் நிமிர்ந்தான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டான், முகத்தில் தெரிந்தது. எழுந்து ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க. உக்காருங்க."

வாங்க என்றான். பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்றே பேசியவன். அவள் உட்கார்ந்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. துண்டைப் பிரித்து இரும்புக் கட்டியைக் காட்டினாள்.

"அந்த விளக்குடா. உள்ள இதுதான் இருந்துச்சு. விளக்கு அசல்."

"தெரியும்" என்றான். "கிளப்ல வச்சே தொறந்து பாத்துட்டுத்தான் வாங்குனேன்."

"அப்ப ஏண்டா அன்னைக்குச் சொல்லல? தொறந்து காட்டியிருந்தா முடிஞ்சுபோயிருக்குமேடா."

அவன் எதிரே ஒரு முறத்தின் மேல் படிந்த தூசியைத் தட்டினான்.

"உங்களுக்குத் தெரியாதுன்னா சொல்லியிருப்பேன். காந்தம் ஆடுனப்ப உங்க விரல் நின்னுச்சு. நான் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சுது. சரி, இப்ப சொல்லிருவாங்க, இப்ப சொல்லிருவாங்கன்னு நின்னேன்."

அவள் மறுக்கவில்லை. மறுக்க வாய் இருந்தது, மனசு இல்லை.

"நீ என்னை விட்டுட்டுப் போறேன்னு கோவம்டா" என்றாள். "தெரிஞ்சேதான் சொன்னேன். நாக்குல சனி. என்னை மன்னிச்சிருடா."

"அதெல்லாம் பழைய கதை. நான் எதையும் மனசுல வச்சுக்கல" என்றான். கோபமே இல்லாத குரல். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வாடா என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது ஒரு பெண் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள். பதினேழு வயது இருக்கும். நெற்றியும் மூக்கும் அப்படியே அம்மா. இறந்துபோன அம்மாவின் முகம் கல்லூரிப் பையை மாட்டிக்கொண்டு எதிரே நின்றது.

"அப்பா, சாப்பாடு. சூடா இருக்கு, இப்பவே சாப்பிடணுமாம், அம்மா சொன்னாங்க." இவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். பிறகு அப்பாவிடம், "யாருப்பா?" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குத் தன் அப்பாவுக்கு ஓர் அக்கா இருப்பதே தெரியாது. கேட்ட விதத்திலேயே அது தெரிந்தது. சின்னவன் வாயைத் திறந்தான், மூடினான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருக்கிற தைரியம் காந்தக்காவுக்கு இல்லை.

"வாளி வாங்க வந்தேன்மா" என்று முந்திக்கொண்டாள்.

சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். இல்லம்மா, இது உன் அத்தை என்று சொல்லிவிட மாட்டானா? இப்போது சொல்லிவிடுவான், இப்போது சொல்லிவிடுவான் என்று அவன் வாயையே பார்த்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவனும் தன் எதிரே இப்படித்தான் ஒரு வார்த்தைக்காக நின்றான் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. அன்றைக்கு அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அவள் இன்றைக்குத்தான், இந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, தெரிந்துகொண்டாள்.

"மேல் தட்டுல நீல வாளி இருக்குல்ல, அதை எடும்மா" என்றான் சின்னவன், மகளிடம்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பி, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தான். கைப்பிடியை இழுத்துப் பார்த்தான். காந்தக்கா நீட்டிய பணத்தை வாங்கி டிராயரில் போட்டான். வாங்காமல் இருப்பான் என்று கடைசி வரைக்கும் நினைத்தாள்.

"தூக்கிட்டுப் போயிருவீங்களா ஆன்ட்டி?" என்று பெண் கேட்டாள்.

"போயிருவேன்மா. நல்லாப் படி" என்றாள். அவள் தலையில் ஒரு தரம் கை வைக்க ஆசையாக இருந்தது. ஒரு கையில் பையும் இன்னொரு கையில் வாளியும் இருந்தன.

எதிரே பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கிருந்து கடை நன்றாகத் தெரிந்தது. அப்பாவும் மகளும் ஒரே தூக்கிலிருந்து சாப்பிட்டார்கள். மகள் ஏதோ சொல்ல அவன் சிரித்தான், அதே சிரிப்பு. கழுத்தை நீட்டி ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்திருந்தால்கூட எழுந்து ஓடியிருப்பாள். அவள் ஊருக்குப் போகிற பஸ் வந்தது, போனது. இன்னொன்றும் வந்து போனது. சாப்பிட்டு முடித்து அவன் கை கழுவ உள்ளே போனான், திரும்பி வந்து உட்கார்ந்தான், வந்த ஆட்களுக்குக் குடம் எடுத்துக் கொடுத்தான். மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர், "ஏறுங்கம்மா, இதுக்கப்புறம் நேர் பஸ் இல்ல" என்று சத்தம் போட்டார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு ஏறினாள்.